ரயில் யாருக்குச் சொந்தம்?



பல வருடங்களுக்கு முன்பு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை ராயபுரம் ரயில் நிலையத்தைச் சுற்றிக் காட்ட அழைத்துச் சென்றேன். உயரமான தூண்களைப் பார்த்துப் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். ஒருவன் மட்டும் நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்து, காம்பஸ் முனையால் தன் பெயரைக் கீறிக்கொண்டிருந்தான்.

"என்னடா செய்ற? உங்க வீட்டு நாற்காலியில இப்படிக் கீறுவியா?" என்று அதட்டினேன்.

"இது எங்க வீட்டுதில்ல டீச்சர். கவர்மென்ட்டுது!" என்றான் அவன், பயமே இல்லாமல்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. மறுநாள் வகுப்பில் அவனுக்குச் சொன்ன கதையை இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

சுவர் இருந்த ஊர்

நம் சென்னை ஒரு காலத்தில் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. புனித ஜார்ஜ் கோட்டைக்குள் ஐரோப்பியர்கள் வசித்தார்கள். அதற்கு 'வெள்ளையர் நகரம்' என்று பெயர். வெளியே நம்மவர்கள் வசித்த பகுதியைக் 'கறுப்பர் நகரம்' என்று அழைத்தார்கள். தோலின் நிறத்தை வைத்து ஊருக்குப் பெயர்! அந்தக் கறுப்பர் நகரம்தான் பிற்பாடு ஜார்ஜ் டவுன் ஆனது.

மைசூரின் ஹைதர் அலி படையெடுத்து வந்ததும் ஆங்கிலேயர்கள் பயந்து போனார்கள். கறுப்பர் நகரத்தைச் சுற்றிப் பெரிய மதில் கட்டினார்கள். 1772 வாக்கில் வேலை முடிந்தது. செலவை ஈடுகட்ட மக்களிடம் வரி வாங்க நினைத்தார்கள். 'வால்டாக்ஸ் சாலை' என்ற பெயர் அப்படி வந்ததுதான். 'வால்' என்றால் சுவர், 'டாக்ஸ்' என்றால் வரி. மதிலின் ஒரு துண்டு இன்றும் பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் இருக்கிறது. அதன் மேல் அமைந்ததுதான் 'மாடிப் பூங்கா'.

இந்த வடக்கு மதிலுக்கு அப்பால் இருப்பது ராயபுரம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் கிளம்பியது. 1856ஆம் ஆண்டு ஜூலை 1 முதல், சுமார் 100 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் வாலாஜா ரோடு வரை மக்கள் ரயிலில் போய்வர ஆரம்பித்தார்கள். மும்பையில் 1853இல் ஓடிய முதல் ரயிலின் நிலையக் கட்டடம் இப்போது இல்லை. ஆகவே, இந்தியாவில் இன்றும் நிற்கும் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம் நம் ராயபுரம்தான்!

லாபம் லண்டனுக்கு, நஷ்டம் நமக்கு

சரி, அந்த ரயில் யாருக்குச் சொந்தம்? மன்னருக்கா? மக்களுக்கா? இரண்டும் இல்லை. லண்டனில் தொடங்கப்பட்ட 'மதராஸ் ரயில்வே கம்பெனி'க்குச் சொந்தம். பங்கு வாங்கி அதில் பணம் போட்டவர்கள் பெரும்பாலும் இங்கிலாந்துக்காரர்கள்.

முன்பின் தெரியாத ஊரில் தண்டவாளம் போட யார் பணம் தருவார்கள்? அதற்காக அவர்களுக்கு ஒரு வாக்குறுதி தரப்பட்டது. 'நீங்கள் போடும் பணத்துக்கு வருடம் 5 சதவீதம் நிச்சயம் கிடைக்கும்' என்பதே அது.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோமா? ஒருவர் 100 ரூபாய் போட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு 5 ரூபாய் தர வேண்டும். ரயில் ஓடி 3 ரூபாய்தான் மிஞ்சியது. பாக்கி 2 ரூபாய் எங்கிருந்து வரும்? அரசாங்கக் கஜானாவிலிருந்து. கஜானாவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? இங்கே நிலவரியும் உப்புவரியும் கட்டிய ஏழை எளிய மக்களிடமிருந்து!

தண்டவாளம் போட நிலமும் கம்பெனிக்கு இலவசம். ரயிலில் ஒருநாள்கூட ஏறாத உழவரும் அந்த ரயிலுக்காகப் பணம் கட்டினார். ஆனால், அது எங்கே நிற்க வேண்டும், கட்டணம் எவ்வளவு என்று கேட்க அவருக்கு உரிமை இல்லை. தாதாபாய் நௌரோஜி போன்ற தலைவர்கள் இதைத்தான் தட்டிக் கேட்டார்கள்.

ஒரே ஊர், இரண்டு கம்பெனி

1873இல் சென்ட்ரல் நிலையம் வந்தது. 1908இல் எழும்பூர் நிலையம் வந்தது. ராயபுரத்தின் பரபரப்பு மெல்லக் குறைந்தது.

அதே 1908இல் மதராஸ் ரயில்வேயின் தடங்களில் பெரும் பகுதி 'மதராஸ் அண்டு சதர்ன் மராட்டா' என்ற கம்பெனியின் கைக்குப் போனது. எழும்பூர் பக்கம் ஓடிய ரயில்கள் 'தென்னிந்திய ரயில்வே' கம்பெனியுடையவை. ஒன்றுக்கு அகலப்பாதை, மற்றொன்றுக்கு மீட்டர் பாதை. அந்த ரயில் இந்தத் தண்டவாளத்தில் ஓடாது! சரக்கு மூட்டைகளை ஒரு ரயிலிலிருந்து இறக்கி, மற்றொன்றில் ஏற்ற வேண்டும். பாவம், சுமை தூக்குபவர்கள்!

1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் வந்தது. அதுவும் மீட்டர் பாதைதான். அந்தத் தடத்தில் மீட்டர் பாதை மின்சார ரயில்களின் ஓட்டம் முடிவுக்கு வந்தது 2004இல்! கம்பெனிகள் போன பிறகும் அவை போட்டுவைத்த கோடு எத்தனை வருடம் அழியாமல் இருந்தது பாருங்கள்.

1944இல் அந்த இரண்டு கம்பெனிகளையும் அரசு எடுத்துக்கொண்டது. சுதந்திரத்துக்குப் பின், 1951 ஏப்ரல் 14 அன்று, இவ்விரண்டோடு மைசூர் ரயில்வேயையும் சேர்த்துத் 'தெற்கு ரயில்வே' உருவானது. கம்பெனியின் ரயில் நம்முடையதாக மாறியது இப்படித்தான்.

பெர்லினில் நடந்த வேடிக்கை

சுவரும் ரயிலும் என்றதும் இன்னொரு ஊர் ஞாபகம் வருகிறது. ஜெர்மனியின் பெர்லின்!

இரண்டாம் உலகப் போர் 1945இல் முடிந்ததும், வென்ற நாடுகள் பெர்லினைப் பங்கு போட்டுக்கொண்டன. பிறகு அது கிழக்கு பெர்லின், மேற்கு பெர்லின் என்று இரண்டானது. ஊர் இரண்டானாலும், 'எஸ்-பான்' என்ற மின்சார ரயில்களை இரு பக்கமும் ஓட்டும் பொறுப்பு கிழக்கில் இருந்த ரயில்வேயிடமே இருந்தது. அதாவது, ரயில் ஓடுவது மேற்கில், நிர்வாகம் கிழக்கில்!

1961 ஆகஸ்ட் 13 அன்று கிழக்கு ஜெர்மனி இரவோடு இரவாக ஊரின் நடுவே முள்வேலி போட்டது. அது பிறகு சுவரானது. குடும்பங்கள் பிரிந்தன. மேற்கு பெர்லின் மக்களுக்குக் கோபமான கோபம். 'நாம் எடுக்கும் டிக்கெட் காசு அந்த முள்வேலிக்குத்தானே போகிறது?' என்று எஸ்-பானைப் புறக்கணித்தார்கள். அதன் பக்கத்திலேயே பஸ் விட்டு அதில் போனார்கள். நல்ல ரயில் காலியாக ஓடியது. நிலையங்களில் புல் முளைத்தது.

பூமிக்கு அடியில் இன்னொரு கூத்து. மேற்கு பெர்லினின் இரண்டு சுரங்க ரயில் தடங்கள், கிழக்கு பெர்லினின் அடியில் புகுந்து மறுபடி மேற்குக்கு வந்தன. கிழக்கில் இருந்த நிலையங்களில் பெரும்பாலானவற்றை மூடிவிட்டார்கள். ரயில்கள் நிற்காமல் மெதுவாகக் கடந்து போகும். மங்கலான வெளிச்சத்தில் காவலர்கள் மட்டும் நிற்பார்கள். மக்கள் அவற்றைப் 'பேய் நிலையங்கள்' என்றே அழைத்தார்கள்!

1984 ஜனவரியில்தான் மேற்கு பெர்லினின் எஸ்-பான், மேற்கு நகரப் போக்குவரத்து நிறுவனத்தின் கைக்கு வந்தது. மக்கள் மீண்டும் ஏற ஆரம்பித்தார்கள். தண்டவாளம் அதேதான்; நிர்வாகம் மட்டும் வேறு. 1989 நவம்பர் 9 அன்று சுவரின் வாசல்கள் திறந்தன. பேய் நிலையங்களில் மறுபடி மனிதர்கள் நடமாடினார்கள்.

அப்படியானால், நம் ரயில்?

இன்று ராயபுரத்தில் நிற்கும் மின்சார ரயில் இந்திய ரயில்வேயுடையது. மாநகரப் பேருந்து தமிழக அரசுடையது. 2021இல் விம்கோ நகர் வரை நீண்ட மெட்ரோ ரயிலில் மத்திய, மாநில அரசுகளுக்குச் சரிபாதிப் பங்கு. நிர்வாகம் மூன்று என்றாலும், மூன்றுக்குமே ஒரே டிக்கெட் எடுக்க 2025இல் 'சென்னை ஒன்' செயலி வந்தது.

இவற்றை நடத்துவது அரசு. அந்த அரசைத் தேர்ந்தெடுப்பது உங்கள் அம்மா, அப்பா. நீங்கள் கடையில் வாங்கும் பிஸ்கெட் பாக்கெட்டின் விலையிலும் வரி இருக்கிறதே!

அன்று வரி கட்டியவருக்குக் கேள்வி கேட்க உரிமை இல்லை. இன்று இருக்கிறது. ராயபுரத்தை மீண்டும் வெளியூர் ரயில்கள் கிளம்பும் முனையமாக்க வேண்டும் என்று வடசென்னை மக்கள் பல வருடங்களாகக் கேட்கிறார்கள். சொந்தக்காரர்கள் என்பதால்தான் கேட்கிறார்கள். சொந்தக்காரருக்குக் கேட்கும் உரிமை உண்டு. பாதுகாக்கும் கடமையும் உண்டு.

இதைச் சொல்லி முடித்ததும், அந்தப் பையன் கையைத் தூக்கினான்.

"அப்போ அந்த பெஞ்ச்சு என்னுதும்தானா டீச்சர்?"

"ஆமாண்டா. உன்னுதும்தான்."

சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா போயிடுமா டீச்சர்?" என்று கேட்டானே பார்க்கலாம்!

நேரில் பாருங்கள்!

விடுமுறையில் பெரியவர்களோடு ஒரு சுற்று போய் வாருங்கள். முதலில் மாடிப் பூங்கா. அடுத்து ராயபுரம் ரயில் நிலையம். உள்ளே போக நடைமேடைச் சீட்டு எடுக்க மறக்காதீர்கள். தூண்கள் எத்தனை என்று எண்ணி, நோட்டில் எழுதுங்கள். நோட்டில் மட்டும் எழுதுங்கள், சரியா?