கர்ப்பிணியின் மனச்சோர்வும் இல்லத்தார் கடமையும்

சூல் கொண்ட மாதங்களிலும் தறிவீட்டில் தார் சுற்றியும், வயலில் களை பறித்தும் உழைக்கும் பெண்கள் வத்திராயிருப்பு வட்டாரத்தில் பலர். அவர்தம் உடல் நலத்தை விசாரிப்பார் உண்டு. உள்ளத்தின் நலத்தை விசாரிப்பார் அரியர். மசக்கை என்றும், சோம்பல் என்றும் நாம் ஒதுக்கிவிடும் வாட்டம் சில வேளை மனச்சோர்வு என்னும் நோயாக இருக்கக்கூடும். இரண்டு வாரங்களுக்கு மேலாக நீங்காத துக்கம், எதிலும் விருப்பமின்மை, உறக்கக் கேடு, தன்னையே பழித்துக்கொள்ளுதல் ஆகியவை இதன் அறிகுறிகள். வளரும் நாடுகளில் கர்ப்பிணிகளுள் 100க்கு 15 பேருக்கு மேல் மனநலக் குறைக்கு, பெரும்பாலும் மனச்சோர்வுக்கு, ஆளாவதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

இதன் காரணங்கள் யாவை? வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மருத்துவர்கள் தமிழ்நாட்டுக் கிராமப் பகுதியொன்றில் 359 கர்ப்பிணிகளை ஆராய்ந்து, 2002ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். பேற்றுக்குப் பின் 100க்கு 11 பேரைப் புதிதாக மனச்சோர்வு பற்றியிருந்தது. குறைந்த வருவாய், ஆண் மகவை எதிர்பார்த்த வீட்டில் பெண் மகவு பிறத்தல், மாமியாருடனும் பெற்றோருடனும் பிணக்கு, கர்ப்பகாலத்தில் நேர்ந்த துயர நிகழ்ச்சிகள், வேலைக்குக் கைத்துணையின்மை ஆகியவை காரணங்களாகக் காணப்பட்டன.

இவற்றுள் பெரும்பாலானவை பேற்றுக்கு முன்னரே வீட்டில் குடிகொண்டிருப்பவை அல்லவா? ஆதலின் அவற்றைக் களையும் முயற்சியும் கர்ப்பகாலத்திலேயே தொடங்குதல் வேண்டும். தண்ணீர்க் குடத்தையும் அடுப்படி வேலையையும் கணவன் பகிர்ந்துகொள்வதில் இழிவு ஏதுமில்லை. பிறப்பது ஆணா பெண்ணா என்பது தந்தையின் விந்தணுவால் அமைவது. அதற்காகத் தாயைக் குறை கூறுதல் அறியாமையாகும். கூலி குறைந்து கடன் ஏறும் மாதங்களில் அக்கவலையைக் கர்ப்பிணி ஒருத்தியே சுமக்க விடலாகாது. தகுதியுடையோர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியை, ஊட்டச்சத்துப் பெட்டகம் உட்பட ரூ.18,000 வரை, பெறுவதற்குக் கிராம சுகாதார செவிலியரிடம் காலத்தே பதிந்துகொள்க.

நோய் முற்றிய பின்னும் நம்பிக்கை இழக்கத் தேவையில்லை. பாகிஸ்தானின் கிராமங்களில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணிப்பெண்கள், மனச்சோர்வுற்ற கர்ப்பிணிகளின் வீடு தேடிச் சென்று உரையாடி உதவினர். பேறான ஆறு மாதத்தில் இவ்வுதவி பெற்றோருள் 100க்கு 23 பேரிடமும், பெறாதோருள் 53 பேரிடமும் சோர்வு எஞ்சியிருந்ததாக 2008ஆம் ஆண்டு ஆய்வு காட்டிற்று. அன்போடு கேட்கும் செவிக்கு அத்தனை ஆற்றல் உண்டு.

ஆயினும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுமாயின் சிறிதும் தாமதியாது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் கடமை. 14416 என்னும் அரசின் இலவசத் தொலைபேசியில் எந்நேரமும் மனநல ஆலோசனை பெறலாம். அங்கத்தினர்களே! அறுந்த இழையை உடனே பிணைப்பவன் நெசவாளி. வாடிய பயிருக்கு அன்றே நீர் பாய்ச்சுபவன் உழவன். அந்த விழிப்பை வீட்டிலுள்ள கர்ப்பிணியிடமும் காட்டுவோமாக.