கையிலே காசு, கட்டத்தான் முடியலே!

ரொக்கப் பணத்தைக் கண்டு முகம் சுளிக்கிற அரசாங்க ஆபீஸை நீங்கள் பார்த்ததுண்டா? நான் பார்த்தேன். 2024 நவம்பரில், கோலாலம்பூரில்.

சித்தி பையன் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். அவன் ஃப்ளாட்டுக்குக் கீழே ஒரு சாப்பாட்டுக் கடை. அங்கே டீ ஆற்றுகிற அண்ணனுக்கு ஊர் அறந்தாங்கிப் பக்கம். பெர்மிட் முடிந்து மூணு வருஷமாச்சு. 'புதுப்பிக்கிறேன், புதுப்பிக்கிறேன்' என்றே பழைய முதலாளி காலத்தை ஓட்டிவிட்டாராம். அன்றிலிருந்து போலீஸ் தலை தெரிந்தால் அண்ணன் சந்து மாறிப் போவார்.

அந்த வருஷம் மலேசிய அரசு ஒரு வழி திறந்துவிட்டது. மார்ச் 1 முதல் டிசம்பர் 31 வரை, தாங்களாகவே வந்து அபராதம் கட்டுகிறவர்கள் கோர்ட், ஜெயில் இல்லாமல் ஊர் போய்ச் சேரலாம். அனுமதியில்லாமல் நுழைந்தவர்களுக்கும் நாள் கடந்து தங்கியவர்களுக்கும் 500 ரிங்கிட். பாஸ் நிபந்தனையை மீறியவர்களுக்கு 300. பாஸ்போர்ட்டும், 14 நாளைக்குள் கிளம்புகிற விமான டிக்கெட்டும் கையில் இருக்கணும். ஏஜென்ட் யாரும் வேண்டாம், நேரே வாருங்கள் என்றும் சொல்லியிருந்தார்கள்.

"தம்பி படிச்சவரு... கூட வந்தா தெம்பா இருக்கும்" என்றார் அண்ணன். பி.காம். இதுக்காவது பயன்படட்டுமே என்று கிளம்பினேன். (இமிக்ரேஷனுக்கு அங்கே 'குடிநுழைவுத் துறை' என்று அழகான தமிழ் வைத்திருக்கிறார்கள். குடி நுழைந்த பிறகு வெளியேறுவதும் அதே வாசல் வழியாகத்தான்!)

விடியற்காலையிலேயே வரிசை. மத்தியானம் எங்கள் முறை வந்தது. அண்ணன் பனியனுக்குள்ளிருந்து பிளாஸ்டிக் கவரை எடுத்தார். ரப்பர் பேண்ட் போட்டு, ஐம்பதும் பத்துமாக 500 வெள்ளி. கவுன்ட்டரில் இருந்த பெண் அதைத் தொடக்கூட இல்லை. போர்டைக் காட்டினார். டெபிட் கார்டு, கிரெடிட் கார்டு, இல்லாவிட்டால் மொபைல் வாலட். ரொக்கம் வாங்கமாட்டார்கள். இந்தத் திட்டத்தின் விதியே அதுதான்.

கணக்கு படித்தவன் என்கிற முறையில் நான் இதை ஆதரிக்கிறவன். நோட்டு கைமாறுகிற இடத்தில் பத்து, இருபது வழி தவறிப் போகும். கார்டில் தேய்த்தால் தேதியும் நேரமும் சாட்சி. ஆனால் ஸார், கார்டு வேணும்னா பேங்க் கணக்கு வேணும். கணக்கு வேணும்னா செல்லுபடியாகிற பெர்மிட் கேட்பார்கள். பெர்மிட் இருந்தால் அண்ணன் ஏன் அந்த வரிசையில் நிற்கப்போகிறார்? மூணு வருஷமாகச் சம்பளம் கையில் நோட்டாகத்தான்.

"தம்பி, டிக்கெட்டு நாளன்னிக்குத் தம்பி" என்றார். குரல் உடைந்துவிட்டது.

வெளியே வந்தால், மரத்தடியில் ஒரு ஆசாமி கார்டோடு நிற்கிறார். 500 கட்டித் தர 600 வெள்ளி. ஏஜென்ட் வேண்டாம் என்று முன்வாசலில் விரட்டினால் கார்டு ரூபத்தில் மரத்தடிக்கு வந்துவிட்டார்! அண்ணனுக்கு அந்த நூறு, ரெண்டு நாள் கூலி.

"இருங்கண்ணே, என் கார்டு இருக்கு" என்று வீராப்பாக உள்ளே போய் நீட்டினேன். மெஷின் 'ணொய்ங்' என்றது. நிராகரிப்பு! 2020 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, புதுக் கார்டு உள்நாட்டுக்கு மட்டும்தான் வேலை செய்யும். வெளிநாட்டுக்கு நாமாகத் திறந்துவிடணும். எனக்குத் தெரியும். செய்யத்தான் மறந்துவிட்டேன். சித்தி பையனுக்கு ஃபோன் போட்டு, வை-ஃபை தேடி, ஆப்பைத் திறந்து, ஓ.டி.பி.க்காகக் காத்திருந்து... முக்கால் மணி நேரம். பின்னால் இருந்தவர்கள் பல மொழிகளில் என்னைத் திட்டியிருப்பார்கள். ஒன்றும் புரியவில்லை, பிழைத்தேன்.

ரெண்டாவது தடவை மெஷின் ரசீது துப்பியது. அண்ணன் அதை ரெண்டு கையாலும் வாங்கி, காசு இருந்த அதே கவரில் போட்டுக்கொண்டார். நோட்டை எண்ணி என்னிடம் கொடுத்தார். ஒரு வெள்ளி குறையவில்லை.

ராத்திரி மெசேஜ் பார்த்தால், அந்நியச் செலாவணிக் கட்டணம், அதுக்கு ஜி.எஸ்.டி. என்று 392 ரூபாயைப் பேங்க் தனியாகக் கறந்திருந்தது. அண்ணனிடம் சொல்லவில்லை. எங்கள் சித்தி பையன் வாய் சும்மா இருக்குமா?

அண்ணன் சொன்ன தேதியில் திருச்சி போய்ச் சேர்ந்தார். ஜனவரியில் ஒரு நாள் என் ஃபோன் 'டிங்' என்றது. ஜிபேயில் 392 ரூபாய். கூடவே ஒரு வரி: 'தம்பி, இங்க எனக்கும் பேங்க் கணக்கு இருக்கு.'