கல்லில் கிடக்கும் மீனும் நீரில் நீந்தும் மீனும்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் கோடை விடுமுறை வந்துவிட்டால், வீட்டைப் பூட்டிக்கொண்டு மனைவி மக்களோடு மோட்டார் வண்டியில் மேற்றிசை நோக்கிப் புறப்படுதல் பல குடும்பங்களின் வழக்கம். கூடாரம், கம்பளி, தூண்டிற்கோல், சமையற் சாமான்கள் ஆகிய இவற்றோடு உளியும் சுத்தியலும் வண்டியில் ஏறுமாயின், அக்குடும்பத்திலே கல்லைப் பிளந்து பார்க்கும் ஆசையுடைய பிள்ளை ஒன்று உண்டென்று அறிந்துகொள்ளலாம். அத்தகைய பிரயாணங்களுள் ஒன்றை, வயோமிங் மாகாணத்தின் தென்மேற்கு மூலையிலிருந்து எல்லோஸ்டோன் வனம் வரையிற் செல்வதை, இங்கே விளக்க முயல்கின்றேன். வழியில் எதனை எடுத்துக்கொள்ளலாம், எதனை விட்டு வரவேண்டும் என்பதே அப்பிரயாணத்திற் பெற்றோர்க்கும் பிள்ளைகட்கும் ஓயாது வழக்காகும் விஷயமாதலின், அதனையே சற்று விரித்துரைப்பேன்.

கெம்மரர் என்பது அம்மூலையிலுள்ள ஒரு சிற்றூர். ஜே. சி. பென்னி என்னும் பெருவணிகர் 1902-ஆம் ஆண்டில் தம் முதற் கடையைத் திறந்தது இவ்வூரிலேதான். ஆயினும் நம் பிள்ளைகள் கடை பார்க்க வந்தவர்களல்லர். ஊருக்கு மேற்கே, கடல்மட்டத்திற்கு ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில், மரமடர்ந்திராத வறண்ட குன்றுகள் நிற்கின்றன. மாரிக்காலத்தில் அவற்றைப் பனி மூடிக்கொள்ளும். இன்றைக்குச் சுமார் 5 கோடியே 20 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் அவ்விடம் ஓர் ஏரியாயிருந்தது. கரையிலே பனையினத்து மரங்கள் ஓங்கி நின்றன; நீரிலே முதலையும் ஆமையும் திருக்கையும் வாழ்ந்தன. இதனைச் சொன்னவர் எவர் என்று கேட்பீராயின், அக்கல்லே சொல்லிற்று என்க. ஏரியின் அடியில் மாவினும் நுண்ணிய சுண்ணச்சேறு மெல்லிய படலம் படலமாகப் படிந்தது. ஆழத்தில் உயிர்வளி குறைந்திருந்தமையால், செத்து வீழ்ந்த மீனைக் கொத்தித் தின்னவும் கிளறிக் குலைக்கவும் பிராணிகள் அங்கே இல்லை. சேறு மூடிற்று, மூடியது கல்லாயிற்று, மீனின் முள்ளும் செதிலும் துடுப்பும் இருந்தவாறே அதனுள் நின்றுவிட்டன.

அவற்றுள் மிகுதியாய்க் கிடைப்பது நைட்டியா என்னும் சிறு மீன். நம் கடற்கரையில் வலைப்படும் சாளைக்கு இது தூரத்து உறவு. வயோமிங் மாகாணத்தார் 1987-இல் இதனையே தம் மாகாணத்தின் புதைபடிவமாக அறிவித்துள்ளனர்.

இக்குன்றுகளின் ஒரு பகுதி 1972-ஆம் ஆண்டு முதல் தேசிய நினைவுச் சின்னமாகக் காக்கப்படுகிறது. அங்கே விழுந்து கிடக்கும் ஒரு சில்லைக்கூடச் சட்டைப்பையில் இடலாகாது. ஏனைய மத்திய அரசாங்க நிலங்களிலும், முதுகெலும்புடைய பிராணிகளின் படிவங்களை அனுமதிச்சீட்டின்றி எடுத்தல் குற்றம். 2009-இல் வந்த சட்டம் இதனைத் தெளிவாக வரையறுத்தது. ஆகவே பிள்ளைகளோடு செல்வோர் அயலிலுள்ள தனியார் கற்சுரங்கங்களுக்குப் போய்க் கட்டணம் செலுத்திக் கல் பிளக்கின்றனர். பலகைபோன்ற கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி, விளிம்பிலே உளியை வைத்து மெல்லத் தட்டவேண்டும். ஓங்கி அடிப்பவனுக்குக் கிடைப்பது கற்பொடியே. பதமறிந்து தட்டினால், புத்தகம் விரிவதுபோலக் கல் இரண்டாக விரியும். பத்துப் பலகை வெறுமையாயிருக்க, பதினோராவதிலே கபிலநிற மீனொன்று கிடக்கும். அதனை முதன்முதல் காணும் மானிடக் கண் அப்பிள்ளையின் கண்ணே.

அப்பிள்ளையிடம், நினைவுச் சின்னத்திற் கண்டதை மட்டும் விட்டுவிட்டு வா என்றால் ஒப்புமா? ஒப்பாது. பெற்றோர் காரணம் சொல்லியாகவேண்டும். ஒரு படிவம் எந்த அடுக்கிற் கிடந்தது, அருகே எந்த இலையும் எந்த ஓடும் கிடந்தன என்பவையே அதன் சரித்திரம். குறிப்பெடாமற் பெயர்த்த கல், அலமாரிக்கு அழகாகலாம். சாட்சி சொல்ல மாட்டாது. இதனினும் வலிய காரணம் ஒன்று அண்டை மாகாணமாகிய தெற்கு டக்கோட்டாவில் உண்டு. அங்கே சைக்காட் போன்ற பழந்தாவரங்களின் அடிமரங்கள் கல்லாகிக் கிடந்த 320 ஏக்கர் நிலத்தை 1922-இல் தேசிய நினைவுச் சின்னமாக்கினர். காவலோ போதாது. வந்தவர் எடுத்தனர், ஆராய்ச்சியாளரும் எடுத்தனர். காண்பதற்கு மேற்பரப்பில் ஒன்றும் எஞ்சாமையால், 1957-இல் அந்நிலத்திற்கு அப்பட்டமே நீக்கப்பட்டது. ஆளுக்கொரு கல் என்பது சிறு கணக்கன்று.

எனினும் நைட்டியா எண்ணிறந்து கிடைப்பது. உரிமையாளர் இசைந்த சுரங்கத்திலிருந்து ஒன்றைப் பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோவதைத் தடுப்பது கடுமையென்றே நினைக்கின்றேன். வெறுங்கையோடு திரும்பிய பிள்ளை மறுபடி கல்லை நாடுமோ என்னவோ!

கெம்மரரிலிருந்து வடக்கே ஒரு பகற்பொழுது வண்டி ஓட்டினால், 1872-இல் அமைந்த எல்லோஸ்டோன் தேசிய வனத்தை அடையலாம். இங்கே உயிர்மீன். பதினாறு வயது நிரம்பியோர்க்குத் தூண்டிலிட அனுமதிச்சீட்டு வேண்டும். கொக்கியில் எதிர்முள் இருத்தலாகாது; ஈயக்குண்டும் கட்டலாகாது. தாடையின்கீழ்ச் செங்கீற்றுடைய கட்த்ரோட் என்னும் டிரௌட் மீன் அந்நீர்களுக்கே உரியது. பிடித்தால் உடனே நீரில் விடவேண்டும். பிடிக்குமுன் கையை நனைத்துக்கொள்ளுதல் நன்று. உலர்ந்த கை அதன் மேலுள்ள வழுவழுப்பைத் துடைத்துவிடும். ஆனால் எல்லோஸ்டோன் ஏரியில் லேக் டிரௌட் என்னும் வேற்றிட மீன் அகப்பட்டால், அதனைக் கொன்றே ஆகவேண்டும் என்பது விதி. ஒரு மீனுக்கு அருளும் மற்றொன்றுக்கு மரணமுமா என்று பிள்ளை கேட்கும். 1994-இல் அவ்வேரியிற் காணப்பட்ட அம்மீன் கட்த்ரோட்டைத் தின்று பெருகிற்று. கட்த்ரோட் முட்டையிடச் சிற்றோடைகளில் ஏறுங்கால் கரடிக்கும் பறவைக்கும் நீர்நாய்க்கும் உணவாகும். புதிதாய் வந்ததோ ஏரியின் ஆழத்திலேயே வாழ்ந்து, கரையிலுள்ள எவர்க்கும் உதவாது. ஆகவே ஒரு மீன் குறைந்ததனால் கரடியின் உணவும் குறைந்தது.

கரடியைப் பற்றிச் சொன்னதனால் கூடாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பொழுது சாயுமுன் உணவு, சவர்க்காரம், பற்பசை முதலாக மணமுள்ள யாவும் இரும்புப் பெட்டியிலோ பூட்டிய வண்டியிலோ சேரவேண்டும். கூடாரத்துள் ஒரு ரொட்டித் துண்டும் ஆகாது. கோடையிலும் இரவுக் குளிர் கடுமையாதலின் கம்பளியைத் தாராளமாய்க் கொண்டுசெல்க.

மணமற்ற கல்மீனைக் கரடி தீண்டாது. அதனைப் பழைய செய்தித்தாளில் இருமுறை சுற்றிப் பிள்ளையின் தலைமாட்டில் வைக்கலாம். சமையற் பாத்திரங்களோடு மட்டும் வைக்கற்க. மேடுபள்ளச் சாலையில் முதலில் உடைவது அதுவே.