கைத்தொலைபேசியும் குடும்பத்தின் சேமிப்பும்

தோட்டப்புறங்களில் ஒரு காலத்தில் வானொலிப் பெட்டி உள்ள வீடே வசதியான வீடு எனக் கருதப்பட்டது. மாலை வேளையில் சில மணி நேரம் மட்டுமே மின்சாரம் பெற்ற தோட்டங்களும் பல இருந்தன. இன்று அந்நிலை மாறிவிட்டது. பால்மரம் சீவுவோர், செம்பனைக் குலை அறுப்போர், அலுவலகக் கிராணி, பள்ளி மாணவர் ஆகிய அனைவரின் கையிலும் கைத்தொலைபேசி இருக்கிறது. பல வீடுகளில் பிள்ளைகளின் படிப்பிற்கெனக் கணினியும் இடம் பெற்றுள்ளது.

இக்கருவி பேசுவதற்கு மட்டும் பயன்படுவதன்று. தொழிலாளரின் மாத ஊதியம் வங்கிக் கணக்கில் சேர்கிறது. அக்கணக்கைக் கைத்தொலைபேசி வழியாகவே பார்க்கவும் பணம் அனுப்பவும் இயல்கிறது. 2018-ஆம் ஆண்டு அறிமுகமான டுயிட்நவ் சேவையால், ஒருவரின் தொலைபேசி எண்ணைக் கொண்டே சில நொடிகளில் அவருக்குப் பணம் அனுப்பலாம். 2024-ஆம் ஆண்டு மே 11-ஆம் நாள் முதல், 55 வயதுக்குட்பட்ட ஊழியர் சேமநிதி உறுப்பினர்களின் கணக்கு மூன்றாகப் பிரிக்கப்பட்டது. அவற்றுள் ஒன்றிலிருந்து உறுப்பினர் தம் தேவைக்கேற்ப எப்போது வேண்டுமாயினும் பணம் எடுக்கலாம். அதற்கான விண்ணப்பத்தையும் கைத்தொலைபேசியிலேயே செய்துவிடலாம்.

எனவே, சட்டைப் பையில் இருக்கும் இச்சிறு கருவி குடும்பத்தின் பணப்பெட்டியாகவும் ஆகிவிட்டது. பணப்பெட்டியை எவ்வாறு பேணுவோமோ, அவ்வாறே இதனையும் பேணுதல் வேண்டும். கருவி பழுதாகாமல் காப்பது ஒன்று. அதன் வழியே பிறர் நம் பணத்தைக் கவராமல் காப்பது மற்றொன்று. இவ்விரண்டிற்கும் உரிய வழிகள் இங்கே விளக்கப்படுகின்றன.

மின்னூட்டும் முறை

கைத்தொலைபேசியின் உயிர் அதன் மின்கலத்தில் உள்ளது. இக்காலக் கருவிகளில் லித்தியம் அயனி மின்கலமே பயன்படுத்தப்படுகிறது. இதனை முற்றாகத் தீரவிட்டுப் பின்னர் நிரப்ப வேண்டும் என்பது பழைய வகை மின்கலங்களைப் பற்றிய கருத்தாகும். இப்போதைய மின்கலத்திற்கு அது பொருந்தாது. மின் அளவு 20 விழுக்காட்டிற்கும் 80 விழுக்காட்டிற்கும் இடையில் இருக்குமாறு பார்த்துக்கொண்டால் மின்கலம் நெடுநாள் உழைக்கும்.

இம்மின்கலத்தின் முதற் பகை வெப்பமே. மெத்தையின் மீதோ தலையணைக்கு அடியிலோ வைத்து மின்னூட்டும்போது வெப்பம் வெளியேற வழியின்றிக் கருவி சூடேறுகிறது, தீப்பற்றவும் கூடும். மேசை, தரை போன்ற கடினமான பரப்பின் மீது வைத்து மின்னூட்டுவதே முறையாகும். நண்பகல் வெயிலில் மோட்டார் சைக்கிளின் கூடையிலோ காரின் முன்கண்ணாடிக்கு அருகிலோ விட்டுச் செல்லுதல் ஆகாது. மின்கலம் உப்பிக் கருவியின் பின்மூடி எழும்பியிருந்தால், உடனே அதனை அணைத்துவிட்டுப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்தல் வேண்டும். அதனை அழுத்துவதோ ஊசியால் குத்துவதோ பேராபத்தாகும்.

மின்னூட்டியைத் தெரிவு செய்வதிலும் கவனம் தேவை. நம் நாட்டு மின்செருகி மூன்று முனைகளைக் கொண்டது. இரு முனை கொண்ட மலிவான மின்னூட்டியை, மேல் துளையில் பேனாவையோ குச்சியையோ நுழைத்துச் செருகும் வழக்கம் சில வீடுகளில் காணப்படுகிறது. இது உயிருக்கே தீங்கு விளைவிக்கத் தக்கது. சிரிம் சான்று ஒட்டப்பெற்ற, மூன்று முனைச் செருகியுள்ள மின்னூட்டியையே வாங்குக. ஒரே செருகியில் பல கருவிகளை இணைத்துச் சுமையேற்றுவதும் தவிர்க்கப்பட வேண்டும். வீட்டின் மின்பெட்டியில் ‘டி’ என்னும் எழுத்துள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். அழுத்தியவுடன் மின்சாரம் துண்டிக்கப்பட்டால், மின்கசிவுக் காப்புக் கருவி நல்ல நிலையில் உள்ளது என்பது பொருள். துண்டிக்கப்படாவிடின், தகுதி பெற்ற மின்பணியாளரை அழைத்துச் சரிசெய்தல் வேண்டும்.

இடியும் மழையும்

இடிமின்னல் மிகுந்த நாடுகளுள் மலேசியாவும் ஒன்று. வானம் இருண்டு இடி முழங்கத் தொடங்கியதும், மின்னூட்டி, கணினி, இணைய இணைப்புப் பெட்டி, தொலைக்காட்சி ஆகியவற்றின் செருகிகளைச் சுவரிலிருந்து கழற்றிவிட வேண்டும். விசையை மட்டும் அணைப்பது போதாது. மின்னலின் ஆற்றல் அச்சிறு இடைவெளியைத் தாண்டிப் பாயவல்லது. தொலைக்காட்சிக்கு வரும் வானலை வாங்கியின் கம்பியையும் நீக்கிவிடுதல் நன்று. இவற்றை இடி நெருங்குமுன்னரே செய்தல் வேண்டும்.

வேலைத்தளத்தில் மழையில் நனைந்தோ வாய்க்காலில் விழுந்தோ கருவியில் நீர் புகுந்துவிட்டால், முதலில் அதனை அணைத்துவிடுக. வெளிப்புறத்தைத் துணியால் துடைத்து, மின்னூட்டும் துளை கீழ்நோக்கி இருக்குமாறு காற்றோட்டமான இடத்தில் வைக்கவும். முற்றும் உலருமுன் மின்னூட்டுதல் கூடாது. அரிசியில் புதைத்து வைக்கும் வழக்கத்தால் பயன் இல்லை. அரிசித் தூள் துளைகளில் அடைந்து புதிய பழுதை உண்டாக்கும். அடுப்பனலிலும் வெயிலிலும் காய வைப்பது மின்கலத்தைக் கெடுக்கும்.

பூட்டு இல்லாத பெட்டி

கருவியின் திரைக்குப் பூட்டு இடாமல் வைத்திருப்பது, பணப்பெட்டியைத் திறந்து வைத்திருப்பதற்கு ஒப்பாகும். ஆறு இலக்க எண்ணோ விரல்ரேகையோ கொண்டு பூட்டுதல் வேண்டும். பிறந்த நாள், அடையாளக் கார்டின் கடைசி எண்கள், 123456 போன்றவை பிறர் எளிதில் ஊகிக்கக் கூடியவை. வங்கிக்கு ஒரு மறைச்சொல், பிறவற்றிற்கு வேறு மறைச்சொல் என வைத்துக்கொள்ளுங்கள். ஏனெனில், ஒரே மறைச்சொல்லை எங்கும் பயன்படுத்தினால், ஓரிடத்தில் அது வெளியானதும் எல்லாக் கதவுகளும் திறந்துவிடும்.

வங்கி அட்டையின் இரகசிய எண்ணை அட்டையின் பின்புறம் எழுதி வைப்பதும், அடையாளக் கார்டையும் வங்கி அட்டையையும் படமெடுத்துக் கருவியில் சேர்த்து வைப்பதும் கைவிடப்பட வேண்டிய பழக்கங்கள். வாட்ஸ்அப் பயன்படுத்துவோர், அதன் அமைப்புப் பகுதியில் உள்ள இரட்டைச் சரிபார்ப்பு முறையைச் செயற்படுத்திக்கொள்ள வேண்டும். “உனக்கு வந்த ஆறு இலக்க எண்ணைத் தவறி அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்பு” என்று தெரிந்தவரின் எண்ணிலிருந்தே செய்தி வரக்கூடும். அவருடைய கணக்கு ஏற்கெனவே பறிபோயிருக்கும். அடுத்துப் பறிக்கப்படுவது நம்முடையதே.

மோசடிக்காரர் வரும் வழிகள்

மோசடி நம்மிடம் வரும் வழிகளுள் முதலாவது, அச்சுறுத்தும் அழைப்பு. தொலைபேசியில் பேசுபவர் தம்மைக் காவல் துறை அதிகாரி என்றோ, நீதிமன்ற அலுவலர் என்றோ, வருமான வரி வாரியத்தைச் சேர்ந்தவர் என்றோ கூறிக்கொள்வார். “உங்கள் பெயரில் வந்த பொட்டலத்தில் போதைப்பொருள் உள்ளது, உங்களைக் கைது செய்ய ஆணை பிறந்துள்ளது” என்பார். பின்னர், விசாரணை முடியும்வரை பணத்தைப் பாதுகாப்பான ஒரு கணக்கிற்கு மாற்றும்படியும், இதனை எவரிடமும் சொல்லக்கூடாது என்றும் கட்டளையிடுவார். எந்த அரசாங்க அதிகாரியும் தொலைபேசி வழியே விசாரணை நடத்திப் பணத்தை மாற்றச் சொல்வதில்லை. பேங்க் நெகாராவில் தனிமனிதருக்குக் கணக்கும் இல்லை. ‘எவரிடமும் சொல்லாதே’ என்னும் சொல்லே மோசடியின் முதல் அடையாளம். அழைப்பைத் துண்டித்துவிட்டு, வீட்டில் உள்ள ஒருவரிடம் உடனே சொல்லுங்கள்.

இரண்டாவது வழி, பொய்ச் செயலி. வீடு துப்புரவு செய்யும் பணி, மலிவு விலைப் பொருள்கள் முதலியவற்றை விளம்பரப்படுத்தி, “எங்கள் செயலியை இறக்கிக்கொண்டு முன்பதிவு செய்யுங்கள்” என்று ஒரு கோப்பை அனுப்புவர். திருமண அழைப்பிதழ் என்னும் பெயரிலும் இத்தகைய கோப்புகள் வந்துள்ளன. உறவினரும் நண்பரும் மிகுந்த நம் மக்கள் அழைப்பிதழ் என்றவுடன் ஐயமின்றித் திறந்துவிடுவர். அக்கோப்பின் பெயர் ‘ஏபிகே’ என்னும் மூன்று எழுத்துகளில் முடியும். அதனை நிறுவியதும், கருவிக்கு வரும் குறுஞ்செய்திகளைப் படிக்க அது அனுமதி கேட்கும். அனுமதி அளித்த பின்னர், வங்கியின் பக்கம் போன்ற ஒரு போலிப் பக்கத்தைக் காட்டிப் பெயரையும் மறைச்சொல்லையும் பெற்றுக்கொள்ளும். வங்கி அனுப்பும் உறுதிப்பாட்டு எண்ணும் குறுஞ்செய்தி வழியே மோசடிக்காரரின் கைக்குச் சென்றுவிடும். கணக்குடையவர் உறங்கிக்கொண்டிருக்கும்போதே பணம் வெளியேறிவிடும்.

இவ்வகைக் கேட்டைத் தடுக்கவே, குறுஞ்செய்தி எண்ணை விடுத்துப் பாதுகாப்பு மிகுந்த உறுதிப்பாட்டு முறைக்கு மாறுமாறு 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா வங்கிகளைப் பணித்தது. ஆயினும், நாம் விழிப்பாக இல்லாவிடில் எந்த ஏற்பாடும் முழுப் பயன் தராது. செயலிகளைக் கருவியின் அதிகாரபூர்வக் கடையிலிருந்து மட்டுமே பெறுதல் வேண்டும். அழைப்பிதழ் படமாக வரும், கடிதமாக வரும். அதனைப் படிக்க எதனையும் நிறுவத் தேவையில்லை.

மூன்றாவது வழி, ஆசை காட்டுதல். சில நாள்களில் பணம் பன்மடங்காகும் என்னும் முதலீடு, முன்பணம் கட்டினால் கிடைக்கும் கடன், வீட்டிலிருந்தே எளிதில் பொருளீட்டும் வேலை ஆகியவை இதில் அடங்கும். அறியாத கணக்கிற்குப் பணம் செலுத்துமுன், காவல் துறையின் வணிகக் குற்றப் புலனாய்வுத் துறை நடத்தும் ‘செமாக் மியூல்’ இணையப் பக்கத்தில் அக்கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் சரிபார்க்கலாம். அங்கே புகார் காணப்படவில்லை என்பதனால் மட்டும் அக்கணக்கு நம்பத் தக்கதாகிவிடாது என்பதையும் நினைவிற்கொள்க.

பணம் பறிபோனால் செய்ய வேண்டியவை

மோசடிக்கு ஆளானவர் பலர் வெட்கத்தினால் வாய் திறப்பதில்லை. அத்தாமதமே மோசடிக்காரருக்கு உதவியாகிறது. பணம் ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றிற்கு விரைந்து கைமாறுவதால், தொடக்கத்தில் கழியும் ஒவ்வொரு நிமிடமும் மதிப்புடையது. ஆதலால் பின்வரும் ஒழுங்கில் செயற்படுக:

1. ஐயத்திற்குரிய செயலியை நிறுவியிருந்தால், அக்கருவியின் இணையத் தொடர்பை உடனே துண்டித்து, வேறொரு தொலைபேசியைப் பயன்படுத்துக.

2. வங்கியின் அவசர எண்ணையோ, 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணையோ அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். 997 மக்களின் அழைப்பைப் பெறும் எண்ணாகும். அவ்வெண்ணிலிருந்து அழைப்பதாக எவரேனும் கூறினால் நம்பற்க.

3. அருகிலுள்ள காவல் நிலையத்தில் புகார் செய்க.

4. செய்திகள், கணக்கு எண்கள், பணம் செலுத்திய சான்றுகள் ஆகியவற்றை அழித்துவிடாமல் வைத்திருக்கவும்.

வங்கியின் அவசர எண் வங்கி அட்டையின் பின்புறம் அச்சிடப்பட்டிருக்கும். அதனையும் 997-ஐயும் ஒரு தாளில் பெரிதாக எழுதி வீட்டுச் சுவரில் ஒட்டி வைத்தல் நலம்.

இளைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கை

வங்கிக் கணக்கையும் அட்டையையும் கொடுத்தால் பணம் தருவதாகச் சிலர் வேலையில்லா இளைஞர்களை அணுகுகின்றனர். பறிக்கப்பட்ட பணத்தை மறைத்துக் கடத்தவே அக்கணக்குகள் பயன்படுகின்றன. இச்செயலுக்கு எதிராக 2024-ஆம் ஆண்டில் தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டது. சிறு தொகைக்கு ஆசைப்பட்டுக் கணக்கைக் கொடுப்பவர், தாம் அறியாத ஒருவரின் குற்றத்திற்காக நீதிமன்றத்தில் நிற்க நேரிடும். கடன் கொடுத்தவரிடம் வங்கி அட்டையை அடகு வைப்பதும் இதே தொல்லைக்கு இட்டுச் செல்லும்.

பழைய எண், பழைய கருவி

கட்டணம் செலுத்தாமல் நெடுநாள் விடப்பட்ட முன்கட்டணத் தொலைபேசி எண், பின்னர் வேறொருவருக்கு வழங்கப்படக்கூடும். எண்ணை மாற்றுவோர் வங்கி, சேமநிதி, வாட்ஸ்அப் ஆகிய எல்லாவற்றிலும் புதிய எண்ணைப் பதிந்துகொள்ள வேண்டும். கணினி வைத்திருப்போர், விண்டோஸ் 10-க்கான பொதுப் பராமரிப்பு 2025 அக்டோபர் 14-ஆம் நாளுடன் முடிவுற்றதை அறிந்திருத்தல் நன்று. அத்தகைய கணினியைப் பிள்ளைகளின் படிப்பிற்குப் பயன்படுத்தலாம். வங்கி அலுவலுக்குப் பயன்படுத்தாதிருப்பதே நலம்.

குடும்பப் படங்களையும் முக்கிய ஆவணங்களையும் வேறோர் இடத்திலும் சேமித்து வையுங்கள். கூகுள் கணக்கு ஒவ்வொன்றிலும் 15 கிகாபைட் அளவு இலவச இடம் உண்டு. பழைய கருவியை விற்குமுன் அதில் உள்ள தகவல்களை முற்றாக அழித்தல் வேண்டும். பழுதான மின்கலத்தைக் குப்பையுடன் சேர்த்து எரித்தல் கூடாது. அது வெடிக்கும், நச்சுப் புகையும் எழும். மின்னியல் கழிவுகளைப் பெறும் நிலையத்திலோ கடையிலோ ஒப்படைக்கவும்.

குடும்பத்தில் ஓர் ஒழுங்கு

படித்த பிள்ளைகள் வீட்டில் உள்ள மூத்தோருக்கு இவற்றைப் பொறுமையுடன் கற்பித்தல் வேண்டும். தாத்தாவிற்கும் பாட்டிக்கும் வரும் அழைப்புகளைப் பற்றிக் கேட்டறிய வேண்டும். அவர்கள் ஏமாந்துவிட்டால் கடிந்துகொள்ளாமல் துணை நிற்க வேண்டும். கடிந்துரைக்கு அஞ்சியே பலர் உண்மையை மறைக்கின்றனர். ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேல் பணம் அனுப்புமுன் வீட்டில் இருவர் கலந்து பேசுவது என்னும் ஒழுங்கை ஒவ்வொரு குடும்பமும் ஏற்படுத்திக்கொள்ளலாம்.

பனியிலும் வெயிலிலும் உழைத்துச் சேர்த்த பணம் பிள்ளைகளின் கல்விக்கும் சொந்த வீட்டிற்கும் முதுமைக் காலத்திற்கும் உரியது. அது ஒரு நொடி அவசரத்தில் பிறர் கைக்குப் போய்விடலாகாது. அறிவியல் அளித்த வசதியை அச்சமின்றிப் பயன்படுத்துவோம்; அதனை அறிவுடன் பயன்படுத்துவோம்.