நீலி யார் பக்கம்? கத்தனார் யார் பக்கம்?



பிழைப்பைத் தேடித் திருவனந்தபுரத்திற்கு வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களில், மலையாளத்தைப் பள்ளிக்கூடத்தில் கற்றவர்களும் உண்டு. தொலைக்காட்சியில் கேட்டுக் கேட்டுப் பழகியவர்களும் உண்டு. 1993ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஏசியாநெட் தொலைக்காட்சி, 2004ஆம் ஆண்டில் "கடமற்றத்து கத்தனார்" என்னும் தொடரை ஒளிபரப்பியது. அங்கியும் தாடியுமாக நடிகர் பிரகாஷ் பால் கத்தனாராகத் தோன்றினார். அவருக்கு எதிரே இரவின் இருளில் கள்ளியங்காட்டு நீலி நின்றாள். மறுநாள் பள்ளி வாசலிலும், கடைத்தெருவிலும், அலுவலகத்திலும் அதே பேச்சுதான். நீலி கொடியவளா, கொடுமைக்கு ஆளானவளா? கத்தனார் தேவ ஊழியரா, மந்திரவாதியா? நேற்று அவருக்கு உதவியவன் இன்று எதிரியோடு சேர்ந்தது ஏன்?

"அதைப் பார்க்காதே" என்று சொல்லித் தொலைக்காட்சியை நிறுத்திவிட்ட விசுவாசிகள் பலர். அது அவரவர் வீட்டின் ஒழுங்கு. ஆனால் பெட்டியை அணைத்ததினால் பிள்ளையின் மனதில் எழுந்த கேள்வி அணைந்துவிடுவதில்லை. நீலியும் கத்தனாரும் இன்றும் திரையைவிட்டுப் போய்விடவில்லை. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளிவந்த "லோகா" என்னும் மலையாளத் திரைப்படம் நீலியைத் தீயோரை எதிர்க்கும் வீராங்கனையாகவே காட்டியது. ஆகவே இந்தக் கேள்விகளைத் தள்ளிவிடாமல் நிதானமாய் ஆராய்வது நமக்கு நல்லது.

கதை வந்த வழி

கத்தனார் என்பது மலையாளச் சுரியானிக் கிறிஸ்தவர்கள் தங்கள் குருவானவரை அழைக்கும் பெயர். கடமற்றம் எர்ணாகுளம் மாவட்டத்தில் உள்ள ஊர். அங்கே பழைமையான ஓர் ஆலயமும், பாரசீக எழுத்துகள் பொறித்த ஒரு கற்சிலுவையும் உள்ளன. அவ்வூர்க் குருவானவர் ஒருவரைப் பற்றி மக்கள் வாய்மொழியாய்ச் சொல்லி வந்தவற்றைக் கொட்டாரத்தில் சங்குண்ணி தமது "ஐதீகமாலை"யில் எழுதி வைத்தார். எட்டுப் பாகங்களைக் கொண்ட அந்நூல் 1909 முதல் வெளிவந்தது.

அக்கதையின்படி, மாடு தேடிக் காட்டுக்குள் போன இளைஞன் ஒருவன் மலைவாசிகளின் கையில் அகப்படுகிறான். அவர்களிடமே மந்திர வித்தைகளைக் கற்கிறான். பின்பு தப்பி வந்து ஆலயத்தில் அடைக்கலம் புகுகிறான். காலம் சென்று குருவானவனாகிறான். ஆயினும் கற்ற வித்தையை விடவில்லை. ஒரு கையில் சிலுவை, மறு கையில் மந்திரம். தொடரைப் பார்த்தவர்கள் ஓயாமல் வாதித்ததற்குக் காரணம் இந்த இரட்டை நிலையே. அவருடைய வல்லமை ஆலயத்தில் கிடைத்ததா, காட்டில் கிடைத்ததா என்பதற்குக் கதை மறைவின்றி விடை சொல்கிறது: காட்டில் கிடைத்தது.

நீலியின் இரண்டு கண்ணீர்

நீலியோ தமிழருக்கு அந்நியள் அல்ல. நாகர்கோவிலை அடுத்த கள்ளியங்காடு அவள் பெயரோடு சேர்ந்த ஊர். கன்னியாகுமரி மாவட்டத்தில் அவள் கதையை வில்லுப்பாட்டாகப் பாடுவர். வடக்கே திருவள்ளூர் மாவட்டத்தில், திருவாலங்காட்டை அடுத்த பழையனூரிலும் இதே நீலியின் கதை வழங்குகிறது.

வடிவங்கள் பலவானாலும், நாஞ்சில் நாட்டுக் கதையின் சாரம் இதுவே. கணவனை நம்பி அவனோடு வழிநடந்த பெண்ணொருத்தி, காட்டில் அவன் மடியில் தலைவைத்து உறங்குகிறாள். அவள் அணிந்திருந்த நகைகளுக்காக அவன் அவளைக் கல்லால் அடித்துக் கொல்லுகிறான். மறுபிறவியில் அவன் வணிகனாய் வருகிறான். அவளோ பேயாகி, ஒரு கள்ளிக் கொம்பைக் கைக்குழந்தையாக்கி இடுப்பில் ஏந்திக்கொண்டு, "இவர் என் கணவர், என்னைக் கைவிட்டார்" என்று ஊரார் முன் அழுகிறாள். ஊர்ப் பெரியவர்களாகிய எழுபது வேளாளர் அந்த அழுகையை நம்புகிறார்கள். "உனக்குத் தீங்கு நேர்ந்தால் எங்கள் உயிரைத் தருவோம்" என்று வணிகனுக்கு வாக்களித்து, இருவரையும் ஓர் அறையில் தங்க வைக்கிறார்கள். விடியும்போது வணிகன் பிணமாய்க் கிடக்கிறான். எழுபது பேரும் தாங்கள் கொடுத்த வாக்கின்படி தீப்புகுந்து மடிகிறார்கள். பழையனூரார் வாக்குக் காத்த இச்செய்தியைச் சேக்கிழாரும் பெரியபுராணத்தில் குறித்திருக்கிறார்.

வாசகரே, இங்கே சற்று நிறுத்திச் சிந்தியுங்கள். நீலி இரண்டு முறை அழுதாள். காட்டில் கணவன் கையால் சாகும்போது அவள் அழுத கண்ணீர் மெய்யானது; அதைக் காண ஒருவரும் இல்லை. ஊரார் முன் அவள் வடித்த கண்ணீர் பொய்யானது. அதை எல்லாரும் கண்டார்கள். நம் மொழி இரண்டாவதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, பொய்யான அழுகைக்கு "நீலிக்கண்ணீர்" என்று பெயரிட்டது.

அவளுக்கு நேர்ந்தது கொடுமை என்பது உண்மை. அவள் தேடிய பழியினால் குற்றமற்ற எழுபது பேர் மாண்டார்கள் என்பதும் உண்மை. அவள் பக்கம் நின்று வாதிடுவோர் முதலாவதைப் பேசுகிறார்கள். எதிர்த்து வாதிடுவோர் இரண்டாவதைப் பேசுகிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளுகிறவனே நீதியாய்த் தீர்ப்புச் சொல்லக்கூடும். ரோமருக்கு எழுதின நிருபத்தின் 12ஆம் அதிகாரத்தில், பழியைத் தேவனுடைய கையில் விட்டுவிடும்படி பவுல் சொல்லுகிறார். அநியாயம் சிறியது என்பதினால் அவர் அப்படிச் சொல்லவில்லை. பழிவாங்கும் மனிதனின் கை குறித்த இடத்தோடு நிற்பதில்லை.

தலையில் அறைந்த ஆணி

1795ஆம் ஆண்டு வரை திருவிதாங்கூரின் தலைநகரம் பத்மநாபபுரம். அங்கிருந்து திருவனந்தபுரத்திற்கு வரும் வழி அக்காலத்தில் காடு. இன்று நீங்கள் விடுமுறைக்கு ஊருக்குப் போகப் பேருந்தில் கடக்கும் வட்டாரம்தான் அது. அவ்வழியில் ஒரு யட்சி, அழகிய பெண்ணாய்த் தோன்றி, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்டு வழிப்போக்கரைக் கொன்றுவந்தாள் என்கிறது ஐதீகமாலை. பிற்காலத்தார் நீலியையும் அந்த யட்சியையும் ஒன்றாகவே எண்ணினார்கள்.

கத்தனார் அவளை எப்படி அடக்கினார்? அவள் உச்சந்தலையில் இரும்பாணி ஒன்றை அறைந்தார். உடனே அவள் சாதாரணப் பெண்ணைப் போலாகி அவர் பின்னே நடந்தாள். காயங்குளத்தில் வயதான ஒரு பெண்மணியின் வீட்டில் அவளை விட்டுவைத்தார். ஒருநாள் அவள் தலையைக் கோதிக்கொண்டிருந்தபோது ஆணி தட்டுப்பட, அதைப் பிடுங்கிவிட்டார்கள். அந்தக் கணமே அவள் பழையபடி யட்சியாகி மறைந்தாள். கத்தனார் மறுபடியும் அவளைத் துரத்தவேண்டியதாயிற்று.

கத்தனார் யார் பக்கம் என்ற கேள்விக்கு இந்த ஆணியே பதில். அவருடைய வல்லமை அந்தப் பெண்ணுக்கு விடுதலை தரவில்லை. அவள் எப்படி யட்சியானாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவள் காயம் ஆறவும் இல்லை. ஆணி இருக்கும்வரை அடங்கியிருந்தாள், அவ்வளவே. அடக்குவது வேறு, விடுவிப்பது வேறு.

தொலைக்காட்சித் தொடருக்கோ இந்த ஆணி பெரிய வசதி. ஐதீகமாலையில் சில பக்கங்களில் முடிந்துவிடும் கதையை மாதக்கணக்கில் நீட்டவேண்டுமானால், அடங்கியவள் மறுபடி எழவேண்டும், நண்பன் துரோகியாகவேண்டும். பாத்திரங்கள் ஏன் பக்கம் மாறுகிறார்கள் என்று நாம் மனதைக் குழப்பிக்கொள்ளுகிறோம். பல வேளைகளில் நாளைய பகுதிக்கு ஒரு முடிச்சு தேவை என்பதே காரணமாயிருக்கும்.

பிலிப்பி பட்டணத்துப் பெண்

இதனோடு அப்போஸ்தலர் நடபடிகள் 16ஆம் அதிகாரத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். பிலிப்பி பட்டணத்தில் குறிசொல்லும் ஆவியைக் கொண்ட ஓர் அடிமைப் பெண் பவுலைப் பின்தொடர்ந்து, இவர்கள் தேவனுடைய ஊழியக்காரர் என்று பல நாள் கூவினாள். அவள் சொன்னதில் பொய் இல்லை. அது பவுலுக்கு விளம்பரமாகவும் இருந்திருக்கும். தொடராயிருந்தால் அவள் நல்லவர் பக்கம் வந்துவிட்டாள் என்று நாம் மகிழ்ந்திருப்போம். பவுல் மகிழவில்லை; சினங்கொண்டார். அவள் வார்த்தை யாருக்குச் சாதகம் என்று பாராமல், அவள் யாருக்கு அடிமைப்பட்டிருக்கிறாள் என்று பார்த்தார். இயேசுவின் நாமத்தினாலே அந்த ஆவியைத் துரத்தினார். அவளைத் தமக்கு ஊழியம் செய்யவும் வைத்துக்கொள்ளவில்லை. அவளால் வருமானம் பெற்றுவந்த எஜமான்களுக்கு நஷ்டமாயிற்று. பவுலுக்கும் சீலாவுக்கும் அடியும் சிறையும் கிடைத்தன.

மாற்கு 5ஆம் அதிகாரத்தில் லேகியோன் பிடித்திருந்த மனிதன் குணமானபின், தன்னையும் உடன் கூட்டிச்செல்லும்படி ஆண்டவரை வேண்டினான். ஆண்டவரோ அவனை அவன் வீட்டுக்கே அனுப்பினார். மெய்யான வல்லமையின் அடையாளம் இது: விடுதலை பெற்றவன் தன் வீட்டுக்குத் திரும்பிப் போகிறான்.

நம் சபைக்கு இதில் என்ன?

அற்புதங்களை எதிர்பார்க்கிற நமக்கு இந்தப் பாடம் அவசியமானது. நகரத்தில் தனிமையாய் வாழும் குடும்பங்கள், வல்லமையுள்ளவர் என்று பேர்பெற்ற ஒருவரைத் தேடி ஓடுவது சகஜம். தம் நாமத்தினால் பிசாசுகளைத் துரத்தினோம் என்று சொல்லும் அநேகரைத் தாம் அறியவில்லை என்று ஆண்டவர் கூறுவதை மத்தேயு 7ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஆகவே, ஒருவர் என்ன செய்யக்கூடியவர் என்பதோடு நிற்காமல், அவர் யாருக்குக் கீழ்ப்படிகிறார், அவரிடம் போனவர்கள் விடுதலையாகி வீடு திரும்பினார்களா, அவரையே சார்ந்து அடிமைகளாய் நிற்கிறார்களா என்று பாருங்கள்.

மற்றொன்றும் உண்டு. ஜெபக்கூட்டத்தில் ஒரு சகோதரி அழுகிறாள். உடலில் காயம் இருக்கிறது, நகைகள் இல்லை. "நீலிக்கண்ணீர்" என்று ஒதுக்குவதும், "அவளுக்குள் ஏதோ ஆவி" என்று தலையில் கைவைத்து அனுப்பிவிடுவதும் ஆணி அறைவதற்கே ஒப்பாகும். அவளோடு ஜெபியுங்கள், அவள் சொல்வதை முழுவதும் கேளுங்கள். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் முதல் நடைமுறையில் இருக்கிறது. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் 181 என்ற எண்ணில் பெண்களுக்கான உதவியைக் கேட்கலாம். அந்த எண்ணை அவளிடம் கொடுப்பது அவிசுவாசம் ஆகாது.

உங்கள் பிள்ளை மறுபடியும் "நீலி நல்லவளா, கெட்டவளா?" என்று கேட்டால் அதட்டாதிருங்கள். அருகில் உட்காரவைத்து, "காட்டில் அவள் அழுதபோது யாராவது கேட்டிருந்தால் இந்தக் கதை என்னவாயிருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். பிலிப்பி பட்டணத்துப் பெண்ணின் கதையையும் சொல்லிக் கொடுங்கள். ஆணிக்கும் விடுதலைக்கும் உள்ள வித்தியாசத்தை உங்கள் பிள்ளை தானே கண்டுகொள்ளும்.