கழற்ற முடிந்த வீடும், கரைந்துபோன வீடும்

போன மாதம் அம்மாவை தட்சிணசித்ராவுக்குக் கூட்டிப் போனேன். சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் இருக்கிறது. 1996-இல் திறந்தார்கள். தென்னிந்தியாவின் பழைய வீடுகளை ஊர் ஊராகப் பிரித்தெடுத்து வந்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். நான் ஏற்கனவே மூன்று தடவை போனவன் என்பதால் வழிகாட்டி வேலை எனக்கு.

கேரளத்தின் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவர் வீட்டின் முன் நின்று, ஒரு வீட்டை எப்படி இடம் மாற்றுவார்கள் என்று அம்மாவுக்குச் சொன்னேன். இந்த மாதிரி மர வீடுகளில், ஒரு சட்டத்தின் முனையைச் செதுக்கி இன்னொன்றின் துளையில் செருகியிருப்பார்கள். செருகியதைக் கழற்றலாம். ஒவ்வொரு துண்டுக்கும் எண் போட்டு, படம் வரைந்து, லாரியில் ஏற்றி, அதே வரிசையில் பூட்டலாம். ஸ்டாக்ஹோமில் 1891-இல் ஆர்தர் ஹசேலியஸ் தொடங்கிய ஸ்கான்சென் திறந்தவெளி அருங்காட்சியகத்துக்கும் மர வீடுகள் இப்படித்தான் பெயர்ந்து வந்தன.

எல்லாம் கேட்டுவிட்டு அம்மா, "நம்ம வீட்டை எப்படிப்பா கழட்டுறது?" என்றார்.

நான் யோசிக்காத கேள்வி. அம்மா பிறந்தது மண்சுவர், கீற்றுக் கூரை வீட்டில். மண்சுவரைப் பெயர்த்து லாரியில் ஏற்ற முடியாது. அப்படியொரு வீடு அருங்காட்சியகத்துக்கு வேண்டுமென்றால் அங்கேயே புதிதாகத்தான் கட்டணும். ஆக, தேக்கும் பலாவும் வாங்க வசதி இருந்தவர்களின் வீடு அப்படியே வந்து சேரும். இல்லாதவர்களின் வீடு மழையில் கரைந்துவிடும். எது பாதுகாக்கப்படுகிறது என்பதை ஆராய்ச்சியாளரின் விருப்பம் மட்டும் தீர்மானிப்பதில்லை, கட்டுமானப் பொருளும் தீர்மானிக்கிறது.

மண்வீட்டைப் பொறுத்தவரை மிஞ்சக்கூடியது செய்முறை மட்டும்தான். மென்பொருள்காரனுக்கு இது புரிகிற விஷயம்: ஓடும் நிரலை நகலெடுக்க முடியாவிட்டால், மூல நிரலையாவது காப்பாற்று.

திரும்பும் வழியில் அம்மாவைப் பேசவிட்டு போனில் பதிவு செய்தேன். மண்ணை வைக்கோலோடு மிதித்துப் புளிக்க வைக்கணும். ஒரு முழம் ஏற்றிவிட்டு, காய்ந்த பிறகுதான் அடுத்த முழம். அவசரப்பட்டால் சுவர் பிதுங்கிவிடும். மழைக்கு முன்னால் கீற்று மாற்றணும். வெள்ளி தவறாமல் சாணம் மெழுகணும்.

எவ்வளவு நாள் புளிக்க வைக்கணும் என்று கேட்டேன். "அது உங்க தாத்தாவுக்குத்தான் தெரியும். காலை வச்சுப் பார்த்துச் சொல்லுவாரு" என்றார்.

தாத்தா இறந்து இருபது வருஷம் ஆகிறது. உங்கள் வீட்டில் கேட்க ஆள் இருந்தால், இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.