தாயில்லா ஆட்டுக்குட்டி



தாய் ஆடு செத்துப்போனாலோ, மூணு குட்டி போட்டு பால் பத்தாமல் போனாலோ குட்டியை நாம்தான் வளர்க்க வேண்டும். பால் கொடுத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி வேலைதான். அதைத் திரும்ப மந்தையில் சேர்ப்பதுதான் மீதி வேலை.

முதலில் சீம்பால். மனிதக் குழந்தைக்குத் தாயின் வயிற்றிலேயே கொஞ்சம் நோய் எதிர்ப்புச் சக்தி கிடைத்துவிடும். ஆட்டுக்குட்டிக்குச் சீம்பாலில்தான் கிடைக்கும். ஒரு நாள் போய்விட்டால் குட்டியின் குடல் அந்தச் சக்தியை உறிஞ்சாது. அதனால் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்க ஆரம்பிக்கணும். 2 கிலோ குட்டிக்கு முதல் நாளில் 200 மில்லியாவது, நாலைந்து தடவையாகக் கொடுக்கணும். தாய் இல்லையென்றால், அன்று குட்டி போட்ட வேறு ஆட்டிடம் கறந்து கொடுக்கலாம்.

புட்டிப் பால் வெதுவெதுப்பாக இருக்கணும். குட்டி நின்றபடி, கழுத்தை மேலே நீட்டிக் குடிக்கணும். அப்போதுதான் பால் அசைபோடும் வயிற்றுக்குப் போகாமல், செரிக்கும் நாலாவது வயிற்றுக்கு நேராகப் போகும். மல்லாக்கப் போட்டு ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். குட்டி செத்தே போகலாம்.

தாய் ஆடு தன் குட்டியை மோந்து பார்த்துத்தான் கண்டுபிடிக்கும். வேறு குட்டி வந்தால் முட்டித் தள்ளும். குட்டி செத்துப் பிறந்த ஆடு இருந்தால், அதன் பனிக்குட நீரை நம் குட்டி மேல் தடவி விடுவார்கள். தன் வாசனை என்று ஏற்றுக்கொண்டாலும் கொள்ளும்.

அப்படி ஆடு கிடைக்காவிட்டால் புட்டிப்பால்தான். ஆனால் குட்டியை வீட்டுக்குள் தனியாக வைக்கக் கூடாது. பட்டிக்குப் பக்கத்தில் தட்டி கட்டி, மற்றக் குட்டிகளோடு விடணும். இரண்டு வாரத்தில் அவற்றைப் பார்த்தே தழை கடிக்கப் பழகும். சுமார் மூன்று மாதத்தில் பாலை நிறுத்தலாம்.

மிருகக்காட்சி சாலைகளிலும் தாயில்லா மான்குட்டியைக் கூட்டத்துக்குப் பக்கத்து வேலிக்குள் வைத்து, பார்க்கவும் மோக்கவும் பழக்கிய பிறகே சேர்க்கிறார்கள். மனிதரோடு மட்டுமே வளர்ந்த ஆண் மானுக்கு நம்மிடம் பயம் இருக்காது. கொம்பு முளைத்ததும் வளர்த்தவரையே போட்டி மானாக நினைத்துக் குத்த வரும். செல்லம் ஆபத்தாக முடியும்.

எங்க அப்பத்தா சொல்வாங்க, "நாம பாலக் குடுக்கலாம். ஆட்டுப் புத்திய ஆடுதான் குடுக்கணும்." கொஞ்சுவதைக் குறைத்தால் குட்டி பிழைக்கும், மந்தையிலும் சேரும்.